பார்க்கிறதை வரையணும்

— கண்ணடிக்கறதுக்கும் ஒரு வயசு இருக்கு, பெரியவரே.

— …என்னையா சொல்றீங்க?

— வேற யாரு இங்க ஒரு கண்ண மூடிக்கிட்டு என்னையே பாக்கறது? நானும் வந்ததுலேருந்து பாக்கறேன். மூடறீங்க, தொறக்கறீங்க. கையில ஒரு குச்சிய வேற நீட்டி நீட்டி காட்டறீங்க.

— ஐயோ, அது குச்சி இல்லம்மா. பென்சிலு.

— பென்சில காட்டினா நான் மயங்கிடுவனா? ஆளுங்கள ஆஸ்பத்திரிக்குள்ள படுக்க வெச்சிட்டு, மரத்தடியில ஒக்காந்திருக்கற பொம்பளைங்ககிட்ட… தோ, கேட்டாண்ட செக்யூரிட்டி தம்பி நிக்கறாரு. கூப்பிடட்டா?

— கூப்பிடாதம்மா. அளவுதான் எடுத்தேன்.

— அளவா? எனக்கு ஜாக்கெட்டு தெக்கப் போறீங்களா?

— தலை அளவு. தோ பாரு… கைய மடக்காம நீட்டணும். ஒரு கண்ண மூடிக்கணும். பென்சில் நுனிய உச்சந்தலைக்கு நேரா வெச்சி, கட்டை விரல தாடைக்கு நேரா எறக்கணும். அதான் ஒரு தலை. உடம்பு அது மாதிரி எத்தினி தலை உயரம்னு பாத்து படத்துல போடணும். படம் வரையறேன், தங்கச்சி.

— ஓ. இப்ப தங்கச்சியா.

— செக்யூரிட்டிய கூப்பிடறன்னு சொன்னா, வேற எப்படி கூப்பிடச் சொல்ற?

— …படமா? யாரை?

— உன்னத்தான். கேக்காம வரைஞ்சது என் தப்பு.

— காட்டுங்க.

— இன்னும் முடியல.

— காட்டுங்கன்றேன்.

— இந்தா, பாரு.

— இதா நானு?

— …ஆமா.

— பூசணிக்காய்க்குப் பொடவ கட்டி விட்ட மாதிரி இருக்கு.

— இப்பதான் கத்துக்கறேன்.

— கண்ணு ரெண்டும் நெத்தியில ஏறி ஒக்காந்திருக்கு. மூக்கு எங்க?

— தோ, அந்தக் கோடு.

— அது கோடு. நான் மூக்க கேக்கறேன். எங்க அக்கா பாத்தா, இது யாருடி காணாமப் போனவளான்னு கேப்பா.

— சிரிக்கற. நல்லது. செக்யூரிட்டி பொழைச்சாரு, நானும் பொழைச்சேன்.

— யாரு சொல்லித் தராங்க இதெல்லாம்? இந்த வயசுல?

— போன்ல ஒரு பொண்ணு. வீடியோவுல வரும். மொதல்ல கோடு போடு, வட்டம் போடுன்னுச்சி. பக்கம் பக்கமா முட்டை போட்டேன். பொறவு பொட்டி, டம்ளரு. இப்ப ஆளுங்கள வரையச் சொல்லுது. புதுசா கத்துக்கறவங்க, அசையாம இருக்கறவங்களா பாத்து வரையணுமாம். அசையாம யாரு இருக்கா ஊருல? இங்கதான் எல்லாரும் அசையாம ஒக்காந்திருக்காங்க.

— …அது உண்மதான்.

— தோ, அந்த ஓரத்துல துண்ட விரிச்சித் தூங்கறாரே, அவர வரைஞ்சேன். அவரு எழுந்து பாத்துட்டு, யாரு பொணம்னு கேட்டாரு.

— போங்கண்ணே… சிரிக்க வைக்காதீங்க. எல்லாரும் பாக்கறாங்க. சரி, யாரு உள்ள?

— ம்?

— உள்ள யாரு? யாருக்காக வந்திருக்கீங்க?

— …வீட்டுலதான். ரெண்டாவது மாடி.

— பொண்டாட்டியா? என்னா ஒடம்புக்கு?

— வயித்துல ஆப்ரேசன்.

— தேவலாமா?

— ம். பரவாயில்ல. உனக்கு?

— எங்க அக்கா. கெணத்தடியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போயிடுச்சி. கிளியனூருலேருந்து தெனம் பஸ்ஸுல வரேன். கஞ்சி வெச்சி, பிளாஸ்க்குல ஊத்தி எடுத்துக்கிட்டு… தோ, பாக்கற நேரம், மணி அடிக்கறாங்க. வாங்க, போலாம். லேட்டா போனா கேட்ட சாத்திடுவாங்க.

— நீ போம்மா. கூட்டம் கொறையட்டும்.

*

— இன்னிக்கு எந்தக் கண்ண மூடப் போறீங்க?

— வா, மணியம்மா. நேத்து ஏன் சீக்கிரம் போயிட்ட? காது வரைஞ்சிக்கிட்டிருந்தேன்.

— நீங்க ஒரு காதுக்கு ஒரு சாயங்காலம் எடுத்துக்கிட்டா நான் என்னா பண்றது? கடைசி பஸ்ஸு உங்க பென்சிலுக்காக நிக்குமா? காட்டுங்க… ம். முன்னைக்கு இப்ப பரவாயில்ல. பூசணிக்கா சொரக்காயாயிருக்கு.

— கண்ண பாரு. எறங்கியிருக்கில்ல?

— ஆமா. நெத்தியிலேருந்து எறங்கிட்டுது. எப்படி?

— தலையில சரிபாதி எடத்துலதான் கண்ணு இருக்குதாம். நாமதான் நெத்தி சின்னது, மொகம் பெருசுன்னு நெனச்சிக்கிட்டு மேல ஏத்திடறோம். அந்தப் பொண்ணு சொல்லுது, தெரிஞ்சத வரையாதீங்க, பாக்கறத வரையுங்கன்னு.

— எனக்குத் தெரிஞ்சதுதான நான் பாக்கறது?

— இல்லியாம். கண்ணு மீனு மாதிரின்னு நமக்குத் தெரியும். அதனால எல்லாருக்கும் மீன போட்டுடறோம். எதுத்தாப்புல இருக்கறவங்க கண்ணு அழுதழுது வீங்கியிருந்தாலும் மீனுதான் போடறோம். பாக்கறதே இல்ல.

— …என் கண்ணு வீங்கியா இருக்கு?

— நான் பொதுவா சொன்னேன்.

— விரல வெச்சி அளந்து பாக்கறேன் இருங்க… அட, ஆமாண்ணே. பாதியிலதான் இருக்கு. இத்தினி வருசமா பொட்டு வெச்சிக்கறேன், தெரியல பாரு.

— ஆடாத. தலைய தூக்கு.

— கழுத்து வலிக்குது. வேற எதனா வரையுங்க கொஞ்ச நேரம். கூடைய வரையுங்க. அது ஆடாது, பஸ்ஸுக்கு நேரமாச்சின்னும் சொல்லாது.

— அந்த ஒயர் கூடையா… பின்னலு ஜாஸ்தியாச்சே. மில்லுல நெசவுல இருந்தப்ப கூட இத்தினி குறுக்கு நெடுக்கு நான் பாத்ததில்ல.

— அக்கா பின்னினது. பச்சையும் வெள்ளையும் அவதான் தேடி வாங்கினா. எனக்கும் புருசன் இல்ல, அவளுக்கும் இல்ல. ஒரே வீட்டுல ரெண்டு பேரும். ராத்திரி எனக்கு தூக்கம் வரலன்னா அவ பின்ன ஒக்காந்துடுவா. நான் பேசுவேன், அவ பின்னுவா.

— புள்ளைங்க?

— எனக்கு இல்ல. அவளுக்கு ஒரு புள்ள. கோபிநாத்து. ஓசூருல கம்பெனியில இருக்கான். வருவான். நல்ல பையன்தான். என்னைய சித்தி சித்தின்னுதான் கூப்பிடுவான்… கூடை வருதா?

— வருது. இந்தப் பக்கம் தூக்கு அடுக்கு முட்டிக்கிட்டு நிக்குது, பாத்தியா? அந்த எடத்துல ஒயரு வெளிய தள்ளுது. மேல பிளாஸ்க்கு கழுத்து. செவப்பு மூடி. உள்ள என்னா இருக்குன்னு கூடைய பாத்தாலே தெரியுது.

— அதுக்கென்னா படிக்கணுமா? கஞ்சிதான் இருக்கு. உங்க வீட்டுல என்னா சாப்பிட்டாங்க இன்னிக்கு?

— ம்… இட்லி.

— யாரு செஞ்சா?

— கடையில.

— ஆப்ரேசன் பண்ண வயித்துக்கு கடை இட்லியா? என்னா ஆம்பளை நீங்க. நாளைக்கு நான் கஞ்சி கூட ரெண்டு டம்ளரு வெச்சி எடுத்தாரேன். அவங்க பேரு என்னா?

— வேணாம், மணியம்மா.

— பேரு கேட்டேன்.

— …அன்னக்கிளி.

— நல்ல பேரு. போறப்ப ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்.

— தூங்கிட்டிருப்பா. தொந்தரவு பண்ணாத.

— சாயங்காலம் நாலு மணிக்கு யாரு தூங்கறா?

— அவ தூங்குவா… கொஞ்சம் இரு, கைப்பிடி மட்டும் போட்டுக்கறேன்.

— மணி அடிச்சாச்சி. கஞ்சி ஆறிப் போயிடும். கூடைய குடுங்க. நீங்க வரல?

— கூட்டம் கொறையட்டும்.

*

— தங்கச்சி… என்னா ஒண்ணும் பேசாம ஒக்காந்திருக்க?

— …

— கூடைய அந்தாண்ட வெச்சிட்ட. இன்னிக்கு வரைய வேணாமா? கழுத்து வலியா?

— ரெண்டாவது மாடிக்குப் போனேன்.

— …

— நேத்து. கஞ்சிய எடுத்துக்கிட்டு. ஒவ்வொரு கட்டிலா போயி, நீங்கதான் அன்னக்கிளியா, நீங்கதான் அன்னக்கிளியான்னு கேட்டேன். பைத்தியக்காரியாட்டம்.

— மணியம்மா…

— கூட்டிப் பெருக்கற சந்திரகலா அக்கா இல்ல? அவங்கதான் தனியா கூப்பிட்டு சொன்னாங்க. அந்த அன்னக்கிளி அம்மா தை மாசமே போயி சேந்துட்டாங்க, அவங்க வீட்டுக்காரரு இன்னும் கீழ வந்து ஒக்காருவாரு, நாங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்லன்னாங்க.

— …

— சொல்லுங்க. இப்ப பேசுங்க.

— என்னா பேசறது.

— நான் மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். எங்க அக்காவும் எழுந்து நடக்கணும், அந்த அன்னக்கிளியும் எழுந்து நடக்கணும்னு. செத்தவங்களுக்கு வேண்டிக்க வெச்சிட்டீங்களே.

— தப்புதான்.

— தப்புதான்னா ஆச்சா? எதுக்கு அந்தப் பொய்யி?

— பொய் சொல்லணும்னு சொல்லல. நீ, யாரு உள்ளன்னு கேட்ட. மாசக்கணக்கா இதே எடத்துல, இதே கேள்விக்கு, இதே பதில சொல்லியிருக்கேன். வீட்டுலதான், ரெண்டாவது மாடின்னு. வாயி பழகிப் போச்சி. சொன்னப்பறம்தான் எனக்கே வெளங்கிச்சி. அதுக்குள்ள நீ தேவலாமான்னு கேட்டுட்ட.

— இல்லன்னு சொல்லியிருக்கலாமில்ல.

— சொல்லியிருக்கலாம். ஆனா… தேவலாமான்னு கேட்டு எத்தினி நாளாச்சி தெரியுமா. துக்கம் கேக்க வரவங்க எல்லாம் காரியத்தோட நின்னுட்டாங்க. எங்க தெருவுல, கருவடிக்குப்பத்துல, இப்ப என்னைய பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கறாங்க. கெட்டவங்க இல்ல. என்னா பேசறதுன்னு தெரியல அவங்களுக்கு. இங்க வந்து ஒக்காந்தா, பக்கத்துல இருக்கறவங்க யாருன்னே தெரியாது, சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க.

— பசங்க இல்லியா?

— ஒரு பொண்ணு. பூர்ணிமா. பெங்களூருல இருக்கா. தெனம் போன் பண்ணுவா. அப்பா சாப்பிட்டியா, மாத்திர போட்டியா. நானும் ஆமாம்மா, ஆமாம்மா. வெச்சிட்டா டிவி இருக்கு. டிவி என்னைய ஒண்ணும் கேக்கறதில்ல.

— …இந்தப் படம்? அது எதுக்கு? அதுவும் பொய்யா?

— இல்ல. அது நெசம். அவ படுத்திருந்தப்ப சும்மா அவ மொகத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன். இப்படியே பாத்தா எனக்கு பயமா இருக்கு, கைக்கு எதனா வேல வெச்சிக்கங்கன்னா. பூர்ணிமாதான் போன்ல அந்த வீடியோவ போட்டுக் குடுத்தா. மொதல்ல அன்னக்கிளியத்தான் வரைஞ்சேன்.

— எப்படி இருந்துச்சி?

— உன்ன பூசணிக்காயா வரைஞ்சனே… அது தேவலாம். அவள வரைஞ்சது ஆட்டுக்குட்டி மாதிரி இருந்துச்சி. அத பாத்துட்டு சிரிச்சா, மணியம்மா. தையல் போட்ட வயித்த ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, வேணாம் வலிக்குது, மூடுங்க, மூடுங்கன்னு சிரிச்சா. நாளைக்கு இன்னும் நல்லா வரையறேன்னேன். இப்ப கொஞ்சம் நல்லா வருது. ஆளுதான் இல்ல.

— …கண்ண தொடைங்க. எல்லாரும் பாக்கறாங்க.

— ம்.

— எனக்கு இன்னும் கோவம்தான்.

— இருக்கட்டும்.

— இனிமே என்கிட்ட பொய் சொல்லாதீங்க.

— சொல்லல.

— மரத்தடி மனுசங்கன்னா என்னா வேணா சொல்லலாம், நாளைக்கு யாரு பாக்கப் போறான்னு நெனச்சிட்டீங்க. நான் தெனம் வரவ.

— தெனம் வரவன்னுதான் பயமா இருந்துச்சி.

— சரி, பென்சில எடுங்க. என்னைய உருப்படியா ஒண்ணு வரைஞ்சி முடிங்க. கால், கை, கூடை, எல்லாத்தோடயும். சீக்கிரம் முடிக்கணும். நேத்து அக்காவ வாக்கர் புடிச்சி நடக்க வெச்சாங்க. டாக்டரு மொகம் நல்லாதான் இருந்துச்சி. அனுப்பிடுவாங்க போலருக்கு.

— அப்படியா. நல்லது… நல்ல விசயம்.

— கோபிநாத்து கூட வரேன்னு போன் பண்ணியிருக்கான்.

— அக்கா வீட்டுக்குப் போயிட்டா, நீ வரமாட்ட.

— பொறவு நான் எதுக்கு வரேன்? எனக்கு ஆஸ்பத்திரி மேல ஆசையா?

— அது சரி.

— என்னா அது சரி. கைய ஆட்டாம வரையுங்க. எனக்கு செவுத்துல மாட்டறதுக்கு ஒரு படம் கூட இல்ல வீட்டுல. எங்க கல்யாணத்துல எடுத்தது கறையான் அரிச்சிடுச்சி.

— மூக்கு வர மாட்டேங்குது.

— வரும். நாளைக்கு வரும். தோ, மணி அடிச்சாச்சி, நான் போறேன். நீங்க… வீட்டுக்குப் போயி எதனா சாப்பிடுங்க. கூட்டம் கொறையறதெல்லாம் போதும்.

*

— என்னாண்ணே, இன்னிக்கு கண்ண மூடவே இல்ல?

— இப்ப மூடாமலே அளவு தெரியுது. நீ எத்தினி தலைன்னு எனக்கு மனப்பாடம்.

— பெரிய ஆளுதான்.

— அக்கா எப்படி இருக்காங்க?

— ம்… இருக்கா.

— போன வாரமே அனுப்பிடுவாங்கன்ன.

— அனுப்பிடுவாங்கன்னுதான் சொன்னாங்க. பொறவு ஆப்ரேசன் புண்ணு இன்னும் ஆறல, இருக்கட்டும்னுட்டாங்க.

— அப்படியா.

— ஆமா. சக்கர இருக்கில்ல அவளுக்கு. ஆற மாட்டேங்குது.

— கோபிநாத்து வந்தாரா?

— வந்தான், வந்தான். பாத்துட்டுப் போயிட்டான். அவனுக்கு லீவு இல்ல… மூக்கு வந்துச்சா இல்லியா?

— நேத்தே வந்துடுச்சி. இன்னிக்கு கையி. விரல விரிக்காத, சாதாரணமா வை. எப்பவும் வெச்சிக்கற மாதிரி.

— எப்பவும் எப்படி வெச்சிக்கறேன்?

— இந்தக் கைய அந்தக் கையால புடிச்சிக்குவ.

— அதெல்லாம் பாக்கறீங்களா?

— அதுதான வேலை எனக்கு.

— செக்யூரிட்டி வினோத்குமாரு வந்து, பெரியவரு என்னைய எப்ப வரைவாருன்னு கேக்கறாரு. அவரு நிக்கற எடத்துலேருந்து அசைய முடியாதாம், உங்களுக்கு வசதியா இருக்குமாம்.

— வரைவோம். நாள் இருக்கு.

— அந்தத் துண்டு விரிச்சி தூங்கறவரு எங்க, காணம்?

— நேத்து ஊருக்குப் போயிட்டாங்க. போறப்ப கைய புடிச்சி சொல்லிட்டுப் போனாரு. அந்தப் பொணத்து படத்த குடுங்கன்னு வாங்கிக்கிட்டாரு.

— எல்லாரும் ஒருநாளு போயிடறாங்க இல்ல இங்கருந்து.

— ஆடாத.

— ஆடல. மூச்சுதான் விட்டேன்.

— கூடைய கொஞ்சம் கிட்ட தள்ளி வை. உன் முட்டியாண்ட. போதும்.

— கூடைதான் அன்னிக்கே வரைஞ்சீங்களே.

— அது தனியா வரைஞ்சது. இது உன்கூட.

— …

— …

— பேசிக்கிட்டே வரையுங்களேன். நீங்க பேசாம இருந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.

— மணி அடிக்குது, மணியம்மா.

— கேட்டுச்சி.

— எல்லாரும் உள்ள போறாங்க.

— போவட்டும்.

— நீ போவல?

— கூட்டம் கொறையட்டும்.

— …

— என்னா அப்படி பாக்கறீங்க?

— ஒண்ணுமில்ல. அது நான் சொல்ற வார்த்த.

— அந்த வார்த்தைக்குப் பட்டா வாங்கி வெச்சிருக்கீங்களா?

— இல்ல. யாரு வேணா சொல்லலாம்.

— முடிஞ்சிடுச்சா? பென்சில கீழ வெச்சிட்டீங்க.

— முடிஞ்ச மாதிரிதான்.

— காட்டுங்க.

— நல்லா இல்லன்னா திட்டக்கூடாது.

— காட்டுங்கன்றேன்… … அண்ணே.

— ம்.

— இது நான்தான்.

— ம்.

— நெசமாவே நான்தான். இந்த வாய் எங்க அக்கா வாயி. எனக்கும் அவளுக்கும் ஒரே வாயின்னு ஊருல எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு இன்னிக்குதான் தெரியுது. கண்ணுல மீனு போடல நீங்க.

— போடல.

— வீங்கியிருக்கு.

— பாக்கறதத்தான் வரைஞ்சேன்.

— கையி… கையும் வந்திருக்கு. இந்தக் கைய அந்தக் கை புடிச்சிக்கிட்டு. கூடை… பின்னலெல்லாம் எப்படிண்ணே போட்டீங்க, ஒண்ணு விடாம… இது என்னா, மேல நீட்டிக்கிட்டு?

— பிளாஸ்க்கு.

— எந்தப் பிளாஸ்க்கு?

— உன்னுதுதான். செவப்பு மூடி.

— நான் இன்னிக்கு…

— தெரியும்.

— இல்லாதத எதுக்கு வரைஞ்சீங்க? தெரிஞ்சத வரையக்கூடாது, பாக்கறத வரையணும்னு பாட்டா பாடினீங்களே.

— ஒரு எடத்துல மட்டும் தப்பா வரைஞ்சிட்டேன்.

— எப்பலேருந்து தெரியும்?

— பொதங்கெழம. கூடை வாய மூடிக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சி. காத்துக்கு நகந்துச்சி, நீ காலால அணைச்சிக்கிட்ட. அப்ப ஒண்ணும் தோணல, பாத்தபடியே வரைஞ்சேன். வீட்டுக்குப் போயி லைட்டு போட்டுப் பாத்தப்பதான் கூடை காலின்னு வெளங்கிச்சி… கிழிச்சிப் போட்டுட்டேன்.

— கேட்டிருக்கலாமில்ல.

— கேட்டா, நீ மறுநாளு வரமாட்டியோன்னு பயம். இப்ப கேக்கட்டா?

— …ம்.

— யாரு உள்ள, மணியம்மா?

— யாருமில்லண்ணே. போன ஞாயித்துக்கெழமையே கோபிநாத்து கார் எடுத்துக்கிட்டு வந்து அவள ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். சித்தி, நீயும் வான்னு ஒரு வார்த்த சொல்லுவான்னு, மடிச்ச பொடவைங்கள இந்தக் கூடையில வெச்சிக்கிட்டு கேட்டாண்ட நின்னேன். கார் கதவ சாத்தறப்ப, உடம்ப பாத்துக்க சித்தின்னான்… மறுநாளு வீட்டுல ஒரு சத்தமும் இல்லாம இருந்துச்சா, கைப்பழக்கத்துல கூடைய எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்தேன். போறதுக்கு இல்ல, சும்மாதான் நின்னேன். கண்டக்டரு என்னைய பாத்துட்டு பஸ்ஸ நிறுத்தி, அக்காவுக்கு இப்ப தேவலாமாம்மான்னு கேட்டாரு. பரவாயில்லன்னு சொல்லி ஏறிட்டேன்.